பாலத்துக்கு இந்தப் பக்கம்

கேள்வி இதுதான்: கோவையிலிருந்து கணவன், மனைவி, பத்து வயது மகள் என்று மூன்று பேர் ஒரு சனி, ஞாயிறுக்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வருகிறார்கள். கையில் கார் இருக்கிறது. ராமேஸ்வரம் கோயிலையும் தனுஷ்கோடியையும் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. "அதை விட்டால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? பழைய ஊர், பழைய தெரு, நல்ல சாப்பாடு என்றால் எங்கே போகலாம்?"

நான் இந்த ஊர்க்காரன். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று அரசு அலுவலகங்களில் மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் ஊர்தான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ராமநாதபுரம் என்பது டீ குடிக்க வண்டியை நிறுத்துகிற இடம். அங்கிருந்து நேராகப் பாம்பன் பாலம், கோயில், தனுஷ்கோடி, திரும்ப அதே வழி.

முன்பு அப்படி இல்லை. சேது யாத்திரை என்றால் தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் ஒன்பது கல்லைக் கும்பிட்டு, திருப்புல்லாணி போய், சேதுக்கரையில் முழுக்குப் போட்டு, அதற்கப்புறம்தான் தீவுக்குப் படகேறுவார்கள். 1914இல் ரயில் பாலம் வந்தது, 1988இல் சாலைப் பாலம் வந்தது. பயணம் சுலபமாயிற்று, இந்தக் கரை ஊர்கள் கார் கண்ணாடிக்கு வெளியே போய்விட்டன. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: சனிக்கிழமை முழுக்கப் பாலத்தைத் தாண்டாதீர்கள். ராமநாதபுரத்திலேயே அறை எடுங்கள். வார இறுதியில் ராமேஸ்வரத்து அறை வாடகைக்கு இங்கே பாதி கொடுத்தால் போதும், ராத்திரி பத்து மணிக்கும் சுடச்சுடப் பரோட்டா கிடைக்கும்.

வெள்ளி இரவே கோவையில் கிளம்பிவிடுங்கள். மதுரைக்கு இந்தப் பக்கம் பரமக்குடி தாண்டும்போது வெளிச்சம் வந்திருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மட்டும்தான் தெரியும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மாசி, பங்குனியில் வந்தால் களங்களில் சிவப்பாக ஏதோ விரித்துப் போட்டிருப்பார்கள், அதுதான் முண்டு மிளகாய். சம்பா மிளகாய் மாதிரி நீளமாக இருக்காது. குண்டாக, சின்ன இலந்தைப்பழம் போல, தோல் கெட்டியாக இருக்கும். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எட்டிவயலில் இதற்கென்றே வணிக வளாகம் இருக்கிறது. எங்கள் பக்கத்து மீன்குழம்பு ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த மிளகாய்தான் பதில்.

காலையில் இட்லியை முடித்துவிட்டு அரண்மனைக்குப் போங்கள். ராமலிங்க விலாசம் என்று பெயர். வெளியே பார்த்தால் வெள்ளையடித்த பழைய மண்டபம், அவ்வளவுதான். கடைவீதிக்கு நடுவே இருப்பதால் உள்ளூர்க்காரர்களே பலர் உள்ளே போனதில்லை. கட்டியவர் கிழவன் சேதுபதி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவரும் அவர்தான். உள்ளே சுவர், தூண், விதானம் எங்கும் ஓவியம். அவருக்கு அடுத்து வந்த முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில், 1710 முதல் 1725க்குள் தீட்டியவை. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர்களை அரசர் வரவேற்பது, ராஜராஜேஸ்வரி கையிலிருந்து செங்கோல் வாங்குவது, ராமாயணம், மேல்மாடத்தில் அந்தப்புரக் காட்சிகள் என்று ஓர் அரசாங்கம் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதை அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். மகளிடம் ஐரோப்பியர்களின் தொப்பியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என் அக்கா பிள்ளைகள் அதிலேயே அரை மணி நேரம் இருந்தார்கள். வெளிச்சம் குறைவு, கண் பழகச் சற்று நேரம் ஆகும். ஓட்டமாகப் பார்த்துவிட்டு வருவதானால் போகவே வேண்டாம்.

அங்கேயே அழகன்குளத்தில் அகழ்ந்தெடுத்த பொருள்களையும் வைத்திருக்கிறார்கள். வைகை கடலைத் தொடும் இடத்தருகே இருந்த பழைய துறைமுகம் அது. ரோமானிய நாணயங்கள், ஆம்போரா ஜாடித் துண்டுகள், கப்பல் படம் கீறிய பானை ஓடு எல்லாம் அங்கே கிடைத்தன. அழகன்குளத்துக்கே போகலாமா என்று சிலர் கேட்பார்கள். தோண்டிய குழிகளை மூடியாயிற்று. போனால் பனைமரம்தான் பார்க்கலாம்.

பத்தரை மணிக்காவது திருப்புல்லாணி கிளம்பிவிடுங்கள், நடை சாத்துவதற்குள் போக வேண்டும். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர்தான். ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயில், திருமங்கையாழ்வார் பாடியது. நான் அங்கே அதிகம் நிற்பது தர்ப்பசயன ராமர் சந்நிதியில். எத்தனையோ கோயிலில் ராமர் நிற்பார், பட்டாபிஷேகக் கோலத்தில் உட்கார்ந்திருப்பார். இங்கே தர்ப்பைப் புல்லை விரித்துப் படுத்திருக்கிறார். கடலரசனிடம் வழி கேட்டு மூன்று நாள் காத்துக் கிடந்த கதை. வழி கிடைக்காமல் தரையில் படுத்துவிட்ட ராமரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்களுக்கு இங்கே பால் பாயசம்தான் பிரசாதம்.

அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில் சேதுக்கரை. தெரு முடிகிற இடத்தில் கடல், கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர். அமாவாசை இல்லாத நாளில் போனால் ஆளே இருக்காது. ஆனால் ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டிய வார இறுதி என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். ஒருமுறை நாள்காட்டியைப் பார்க்காமல் சென்னை உறவினர்களைத் தை அமாவாசையன்று கூட்டிப் போய், சேதுக்கரைக்கு முன்னாலேயே மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மதியச் சாப்பாடு கீழக்கரையில்.

பலர் இந்த ஊரைத் தாண்டி ஏர்வாடிக்குப் போகிறார்களே தவிர இறங்குவதில்லை. இரண்டு நாளில் ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் கீழக்கரையைத்தான் சொல்வேன். முத்துக்குளித்த ஊர், சங்குகுளித்த ஊர். இங்கே எடுத்த சங்கு வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போயிற்று. இலங்கை, மலாயா, அப்புறம் வளைகுடா என்று இந்த ஊர் ஆண்கள் கடலுக்கு அந்தப் பக்கமே சம்பாதித்தார்கள், வீட்டை இங்கே கட்டினார்கள். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்கு. தெருவில் நடக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு வாசல்களைப் பாருங்கள், பழைய மரக்கதவும் திண்ணையும் வேறு மாதிரி தெரியும். கேமராவை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் புழங்குகிற சந்துகள் அவை, படம் எடுத்தால் யாருக்கும் பிடிக்காது.

பழைய ஜும்மா பள்ளிவாசலைப் பார்க்காமல் வரக் கூடாது. 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், முழுக்கக் கல். உள்ளே நிற்கும் தூண்களைப் பார்த்தால் ஏதோ கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். இந்தப் பக்கத்துச் சிற்பிகளுக்குத் தெரிந்த கல்வேலை அதுதான். உருவம் இல்லாமல் பூவும் கொடியுமாகச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று சின்ன வயதில் படித்திருப்பீர்கள். அந்தச் சீதக்காதி இந்த ஊர்க்காரர். ஷெய்கு அப்துல் காதிர் என்ற பெயர்தான் தமிழ் வாயில் சீதக்காதி ஆயிற்று. பெரியதம்பி மரக்காயர் என்பதும் அவரே. கப்பல் வணிகர், கிழவன் சேதுபதிக்கு நண்பர், சேதுபதி தன் குலப்பெயரான விஜய ரகுநாதனையே இவருக்குப் பட்டமாகக் கொடுத்தார். பரிசில் வாங்க வந்த படிக்காசுப் புலவர், வள்ளல் இறந்துவிட்டதைக் கேட்டு அடக்கத்தலத்தில் அழ, மண்ணுக்குள்ளிருந்து மோதிரக் கை நீண்டது என்று கதை. அந்த அடக்கத்தலம் இந்தப் பள்ளிவாசலை ஒட்டித்தான் இருக்கிறது. காலையில் சேதுபதியின் மண்டபத்தையும் மதியம் அவர் நண்பரின் பள்ளிவாசலையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் இந்தச் சனிக்கிழமைத் திட்டத்தின் உள்நோக்கம். லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்த பிறகு போய், வாசலில் இருக்கும் பெரியவரிடம் "உள்ளே பார்க்கலாமா அத்தா?" என்று கேளுங்கள். நான் கூட்டிப் போனவர்களை இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. தலையை மூடிக்கொள்ளத் துணி எடுத்துப் போங்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்கு நெய்ச்சோறு கிடைக்கிற கடையாகப் பாருங்கள். வட்டிலப்பம் இருந்தால் விடாதீர்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. அப்புறம் தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் பெரிய சட்டியில் மணிக்கணக்காகக் கிண்டி, எண்ணெய் பிரிந்து கரேலென்று மின்னும்போது இறக்குவார்கள். என்னோடு படித்த பையனின் உம்மா ஒருமுறை அதைக் கிண்டும்போது நானும் அடுப்படியில் நின்றேன். "கையை எடுத்தா போச்சு தம்பி, அடிப்பிடிச்சா நாய்கூடத் திங்காது" என்றார். தோள் மாற்றி தோள் மூன்று பேர் கிண்டினார்கள். இதே பண்டம் இலங்கையிலும் இருக்கிறது, மலேசியாவிலும் இருக்கிறது, பெயர்கூட தொதல், டோடோல் என்று பக்கத்தில் பக்கத்தில்தான் வருகிறது. இந்த ஊர்க் கப்பல்கள் எங்கெங்கே போய்வந்தன என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டாம், ஒரு துண்டு வாயில் போட்டால் போதும்.

ஏர்வாடி தர்கா அங்கிருந்து பத்து கிலோமீட்டர் அளவு. சந்தனக்கூடு சமயத்தில் எல்லா மதத்தவரும் கூடுவார்கள். மனநலம் குன்றியவர்களை அங்கே கொண்டுவந்து விடும் வழக்கம் இருந்தது. 2001 ஆகஸ்டில் ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. வேண்டுதல் இருந்தால் போங்கள். வேடிக்கை பார்க்க, அதுவும் குழந்தையோடு, போகிற இடம் இல்லை.

மாலையில் உத்தரகோசமங்கை. "மண் முந்தியதோ, மங்கை முந்தியதோ" என்று கேட்பார்கள், அவ்வளவு பழையது என்பது ஊர்ப்பேச்சு. மாணிக்கவாசகர் மனம் விட்டுப் பாடிய தலம். நீத்தல் விண்ணப்பமும் திருப்பொன்னூசலும் இந்த ஊரைத்தான் பாடுகின்றன. ஆளுயர மரகத நடராஜர் இங்கே இருக்கிறார், ஆனால் நீங்கள் பார்ப்பது சந்தனத்தைத்தான். வருடம் முழுக்கச் சந்தனக் காப்பு. மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே களைவார்கள். அன்று வந்தால் பச்சை மேனியும் தெரியும், கூட்டத்தின் முதுகும் தெரியும். சும்மா ஒரு சனிக்கிழமை மாலை, பிரகாரத்தில் காற்று வாங்கியபடி நடப்பதே போதும் என்பது என் கட்சி. சிவனுக்கு ஆகாது என்று எல்லா இடத்திலும் ஒதுக்குகிற தாழம்பூவை இங்கே சாத்துவார்கள், வாசலில் பூக்காரம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தைத் தாண்டலாம். ஆனால் கோயிலுக்காக அல்ல, மீனுக்காக. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறைவைத்துக் கடலுக்குப் போகும். சனிக்கிழமை போனவை ஞாயிறு விடியலில் கரைக்கு வரும். நீங்கள் வரும் கிழமைக்கு இது அப்படியே பொருந்துகிறது. நாலரைக்கு எழுந்து கிளம்பினால் ஆறு மணிக்கு இறங்குதளத்தில் நிற்கலாம். கூடை கூடையாக நண்டு, கணவாய், காரல், திருக்கை இறங்கும், ஏலம் போகும். நடுவில் போய் நிற்காமல் ஓரமாக நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான். மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப் போயிருந்தால் வேலைநிறுத்தம் இருக்கும், படகுகள் கட்டியே கிடக்கும். அப்படி ஒரு நாளில் போய்விட்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

மகளுக்கு இரண்டு கடலைக் காட்டுங்கள். பாலத்தில் நின்றால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்களுக்கு வடகடல், தென்கடல். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள், அது அமைதி, இது முரடு. கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் தென்கடல் பொங்கும்போது வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்தால் நிலைமை தலைகீழ். ரயில் போகும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. அதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளத் துண்டு, அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக் கப்பலுக்கு வழிவிடும். பக்கத்தில் இருந்த 1914 பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து கைகூப்பினாற்போல மேலெழுந்தது.

பாம்பனில் இறங்கிக் குந்துகால் போங்கள். சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்து கால் வைத்த இடம். அவர் சிகாகோ போவதற்கு உதவியவர்களில் ஒருவரான பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். நினைவு மண்டபம் சுமார்தான், இடம் அருமை. அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு உண்டு. காற்று பலமாக இருந்தால் விட மாட்டார்கள், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது மண்டபம் கேம்ப் ரயில் நிலையப் பலகையைக் காட்டி மகளுக்கு ஒரு கதை சொல்லலாம். "கேம்ப்" என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் கூலிக்காரர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க இங்கேதான் அடைத்து வைத்தார்கள். சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போன காலம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியையும் அங்கே போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் சேர்த்து விழுங்கியதோடு அந்த வழி முடிந்தது. பின்னால் அதே கேம்ப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இலங்கைத் தமிழர்கள் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். அது குடியிருப்பு, உள்ளே போய்ப் பார்க்கிற இடமில்லை.

தேவிபட்டினத்தை நான் திட்டத்தில் சேர்க்கவில்லை. கடலுக்குள் ஒன்பது கல் நிற்பது அழகுதான். ஆனால் பரிகாரம் என்று ஆளாளுக்கு நீரில் விட்டுப்போகும் துணியைப் பார்த்தால் மனசு கெட்டுவிடும். அடுத்த முறை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்தால் அதையும், காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் படகையும், ஓரியூரையும் சேர்த்து ஒரு நாள் வைக்கலாம். ஓரியூரில்தான் 1693இல் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியாரின் தலை வெட்டப்பட்டது. அப்போதும் சேதுபதி அதே கிழவன்தான். மரக்காயரை நண்பராக்கிக்கொண்டவரும் பாதிரியாரைத் தண்டனைக்கு அனுப்பியவரும் ஒரே ஆள். அந்த மனிதரைப் பற்றி யோசிக்க ஓரியூர்ச் செம்மண் நல்ல இடம்.

வாங்கிப் போக: முண்டு மிளகாய் ஒரு கிலோ, கருப்பட்டி, தொதல். தொதல் நாலைந்து நாள் தாங்கும், குளிர்பெட்டியில் வைத்தால் கல்லாகிவிடும், வெளியிலேயே வையுங்கள். கருவாட்டைக் காருக்குள் வைத்தால் கோவை போய்ச் சேரும்வரை வீட்டில் சண்டைதான், டிக்கியில் இரண்டு பை போட்டுக் கட்டுங்கள். பவளப்பாறைத் துண்டு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், வனத்துறைச் சோதனையில் மாட்டினால் வழக்கு. சங்கு வாங்குவதானால் ரசீதோடு கடையில் வாங்குங்கள். மகள் காதில் வைத்துக் கேட்கத்தான் என்றால் சின்னதே போதும்.